பழைய ரயில்வே ஸ்டேஷனில் கிடைத்த 'கேரி ஆன்': ஒரு போஸ்டரின் கதை, ஓர் ஆங்கிலச் சொல்லின் கதை!

இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்து எல்லையை நெருங்கும் இடத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பெரிய ரயில்வே ஸ்டேஷன். ரயில் வந்து 50 வருடங்களுக்கு மேலாகிறது. தண்டவாளமும் இல்லை, சிக்னலும் இல்லை. ஆனாலும் காலையில் கதவு திறந்ததும் ஆட்கள் வரத் தொடங்கிவிடுகிறார்கள். கையில் சூட்கேஸுக்குப் பதிலாகப் புத்தகப் பை.

வெயிட்டிங் ரூமில் கணப்பு எரிகிறது. அதன் முன்னால் சாய்வு நாற்காலியில் ஒரு பெரியவர் துப்பறியும் நாவலோடு உட்கார்ந்திருப்பார். அவர் காலடியில் நாய் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். அலமாரிகளின் தலைக்கு மேலே பொம்மை ரயில் ஒன்று 'கடகட'வென்று சுற்றிவரும். இந்த ஸ்டேஷனில் இப்போது ஓடும் ஒரே ரயில் அதுதான்.

இதுதான் 'பார்ட்டர் புக்ஸ்'. பிரிட்டனின் மிகப் பெரிய பழைய புத்தகக் கடைகளில் ஒன்று. உலகம் முழுக்க டீ கப்பிலும் டி-ஷர்ட்டிலும் நாம் பார்த்துச் சலித்த 'கீப் காம் அண்ட் கேரி ஆன்' வாசகம், மறதியிலிருந்து மீண்டு வந்தது இங்கிருந்துதான்.

'பதறாதீர்கள், ஆக வேண்டியதைப் பாருங்கள்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். இதில் 'கேரி ஆன்' என்ற இரண்டு வார்த்தைகளை நாம் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருப்போம். பாடம் நடக்கும்போது ஹெட்மாஸ்டர் வாசலில் வந்து நிற்பார். மொத்த வகுப்பும் எழுந்து நிற்கும். அவர் ஒரு நோட்டம் விட்டு, 'கேரி ஆன்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த 'கேரி ஆன்' வேறு, இந்த போஸ்டரில் இருக்கும் 'கேரி ஆன்' வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு போரும், லட்சக்கணக்கான போஸ்டர்களும், ஒரு பழைய புத்தகப் பெட்டியும் இருக்கின்றன.

எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று

ஊரின் பெயரே முதல் ஆங்கிலப் பாடம். எழுத்துக்கூட்டிப் படித்தால் 'ஆல்ன்விக்' என்று வரும். அப்படிச் சொன்னால் உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஊரின் பெயர் 'ஆனிக்'. நடுவில் இருக்கும் 'எல்' எழுத்தும் 'டபிள்யூ' எழுத்தும் வாயைத் திறப்பதே இல்லை.

லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் ரயிலேறினால் சுமார் மூன்றரை மணி நேரப் பயணம். நியூகாசிலைத் தாண்டியதும் வலது பக்கம் ஜன்னல் சீட் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆல்ன் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரமும், அதன் கரையில் வரிசையாக நிற்கும் வீடுகளும் கண்ணில் படும். அங்கே ஆலன்மவுத் என்ற ஸ்டேஷனில் இறங்கி, ஏறக்குறைய 6 கிலோமீட்டர் பஸ்ஸிலோ டாக்ஸியிலோ போனால் ஆனிக்.

ஒரு காலத்தில் அந்த 6 கிலோமீட்டருக்கும் ரயில் இருந்தது. ஆனிக்கில் இப்போதிருக்கும் ஸ்டேஷன் கட்டடம் திறக்கப்பட்டது 1887-ல். சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய ஸ்டேஷன் எதற்கு என்று தோன்றும். காரணம், ஊரின் நடுவே இருக்கும் கோட்டை. நார்தம்பர்லாந்து பிரபுக்களின் குடும்பம் பல நூறு ஆண்டுகளாக அங்கேதான் வாழ்கிறது. அரச குடும்பத்தினர் அங்கே விருந்தாளிகளாக வருவார்கள். ராஜா, ராணி வந்து இறங்கும் ஸ்டேஷன் தகரக் கொட்டகையாக இருந்தால் நன்றாகவா இருக்கும்?

ஹாரி பாட்டர் ரசிகர்களுக்கு இந்தக் கோட்டையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. முதல் படத்தில் ஹாரி துடைப்பத்தில் ஏறிப் பறக்கக் கற்றுக்கொள்ளும் காட்சி எடுக்கப்பட்டது இதன் முற்றத்தில்தான்.

1968-ல் அந்தக் கிளைப் பாதையை ரயில்வே மூடியது. கார்கள் பெருகிய காலம் அது. வருமானம் இல்லாத கிளைப் பாதைகள் பிரிட்டன் முழுவதும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். கட்டடம் மட்டும் மிஞ்சியது.

புத்தகம் கொடுத்தால் புத்தகம்

1991-ல் மேரி மேன்லி, ஸ்டூவர்ட் மேன்லி தம்பதி இந்தப் பழைய ஸ்டேஷனில் புத்தகக் கடை தொடங்கினார்கள். 'பார்ட்டர்' என்றால் பண்டமாற்று. படித்து முடித்த புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால், மதிப்புப் போட்டு உங்கள் கணக்கில் வரவு வைப்பார்கள். அந்த வரவுக்கு வேறு புத்தகம் எடுத்துக்கொள்ளலாம். நம் ஊரில் பழைய பேப்பருக்கு ஈயப் பாத்திரம் கொடுத்த அதே கணக்கு. பணம் கொடுத்தும் வாங்கலாம்.

முன்பக்க அறையில் தொடங்கிய கடை மெல்ல மெல்ல ஸ்டேஷன் முழுவதும் பரவியது. பயணிகள் காத்திருந்த அறைகளில் இப்போது டீயும் கேக்கும் கிடைக்கின்றன. கடைக்குப் புதிதாக வருபவர்கள் ஒரு புத்தகத்தைத் தேடி வந்து, நான்கைத் தூக்கிக்கொண்டு போவதுதான் வழக்கம்.

2000-ம் ஆண்டு. ஏலத்தில் எடுத்து வந்த ஒரு பெட்டியை ஸ்டூவர்ட் பிரித்துக்கொண்டிருந்தார். புத்தகங்களையெல்லாம் எடுத்த பிறகு, அடியில் மடித்து வைத்த ஒரு பெரிய காகிதம் கிடந்தது. விரித்துப் பார்த்தார். சிவப்புப் பின்னணி. மேலே ஒரு கிரீடம். கீழே வெள்ளை எழுத்தில் ஐந்தே வார்த்தைகள். கீப் காம் அண்ட் கேரி ஆன்.

மேரிக்கு அது பிடித்துப்போனது. ஃபிரேம் போட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டினார். வாடிக்கையாளர்கள் நின்று பார்த்தார்கள். 'இது விலைக்குக் கிடைக்குமா?' என்று கேட்டார்கள். கேட்டவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகவே, அடுத்த ஆண்டில் பிரதி எடுத்து விற்கத் தொடங்கினார்கள்.

அந்தக் காகிதம் எப்படிப்பட்ட காகிதம் என்பது பலருக்கும் பிறகுதான் தெரிந்தது.

ஒட்டப்படாத போஸ்டர்

1939-ன் கோடைக்காலம். ஹிட்லரோடு போர் மூளப்போகிறது என்பது பிரிட்டனில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வானிலிருந்து குண்டு விழும், விஷவாயு வரும், லட்சக்கணக்கில் மக்கள் சாவார்கள் என்று அரசாங்கமே அஞ்சியது. பொதுமக்களுக்கு வாயு முகமூடிகள் கொடுத்தார்கள். செப்டம்பர் 1 முதல் நகரங்களிலிருந்து பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். கழுத்தில் பெயர் அட்டையும், தோளில் முகமூடிப் பெட்டியுமாகப் பிள்ளைகள் ரயிலேறினார்கள். எங்கே போகிறோம், யார் வீட்டில் தங்கப்போகிறோம் என்பது பலருக்கும் தெரியாது. வழியனுப்ப வந்த அம்மாக்களுக்கும் தெரியாது.

ஆனிக் கோட்டையிலும் போர்க்காலத்தில் நியூகாசிலைச் சேர்ந்த ஒரு பெண்கள் பள்ளி தங்கிப் பாடம் நடத்தியது. ஊரில் குண்டு பயம், கோட்டைக்குள் கணக்குப் பாடம்.

அந்த நாட்களில்தான் தகவல் அமைச்சகத்துக்காக மூன்று போஸ்டர்கள் தயாராயின. மூன்றுக்கும் ஒரே வடிவம். முதல் போஸ்டர், 'உங்கள் துணிச்சல், உங்கள் மலர்ச்சி, உங்கள் உறுதி நமக்கு வெற்றி தரும்' என்றது. இரண்டாவது, 'சுதந்திரம் ஆபத்தில் இருக்கிறது. முழு பலத்தோடு காப்பாற்றுங்கள்' என்றது. மூன்றாவதுதான் 'கேரி ஆன்'.

முதல் இரண்டும் போர் தொடங்கியதும் ஊர் ஊராக ஒட்டப்பட்டன. மக்களுக்குப் பிடிக்கவில்லை. குறிப்பாக முதல் போஸ்டர் எரிச்சலை மூட்டியது.

ஏன் என்பது தமிழ் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். ஆங்கிலத்தில் 'அஸ்' என்பதற்கு 'நமக்கு' என்றும் பொருள், 'எங்களுக்கு' என்றும் பொருள். எழுதியவர்கள் 'நமக்கு வெற்றி' என்று நினைத்து எழுதினார்கள். தெருவில் போனவர்களோ, 'உங்கள் துணிச்சல், எங்களுக்கு வெற்றி' என்று படித்தார்கள். உழைப்பும் தியாகமும் உங்களுடையது, பலன் மேலே இருக்கும் எங்களுக்கு என்று ஒலித்தது. தமிழில் எழுதியிருந்தால் 'நாம்', 'நாங்கள்' என்ற இரண்டில் ஒன்றை அவர்கள் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டியிருந்திருக்கும்!

மூன்றாவது போஸ்டர் சுமார் 24.5 லட்சம் பிரதிகள் அச்சிடப்பட்டது. ஆனால் ஒட்டவில்லை. பெரிய தாக்குதல் வந்து, நகரங்கள் இடிந்து, மக்கள் நிலைகுலைந்து நிற்கும்போது ஒட்டலாம் என்று கிடங்கில் வைத்தார்கள். போர் அறிவித்துப் பல மாதங்கள் ஆகியும் எதிர்பார்த்த குண்டுமழை வரவில்லை. அதற்குள் காகிதத் தட்டுப்பாடு வந்துவிட்டது. 1940 ஏப்ரலில், சேமித்து வைத்த போஸ்டர்களைக் கூழாக்க அனுப்பிவிட்டார்கள்.

செப்டம்பரில் குண்டுமழை வந்தது.

போஸ்டர் இல்லாமலே நடந்த 'கேரி ஆன்'

1940 செப்டம்பர் 7 முதல் 1941 மே வரை ஜெர்மானிய விமானங்கள் பிரிட்டனின் நகரங்களைத் தாக்கின. முதல் இரண்டு மாதங்கள் லண்டன்மீது ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் குண்டு விழுந்தது. அந்தத் தாக்குதல்களில் 40,000-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். மக்கள் இரவில் பாதாள ரயில் நிலையங்களில் படுத்தார்கள். விடிந்ததும் கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள். முன்பக்கச் சுவரே போய்விட்ட ஒரு கடையில், 'வழக்கத்தைவிட அதிகமாகத் திறந்திருக்கிறோம்' என்று அட்டை எழுதி மாட்டியிருந்தார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் அந்தச் சிவப்பு போஸ்டரைப் பார்த்ததே இல்லை. யாரும் சொல்லி அவர்கள் செய்யவில்லை. வேறு வழியில்லாமல் செய்தார்கள் என்பதும் உண்மை. பயந்து அழுதவர்களும், ஊரைவிட்டுப் போனவர்களும், இடிந்த வீடுகளில் திருடியவர்களும் அந்த நாட்களில் இருந்தார்கள். 'பிரிட்டன்காரர்கள் யாருமே பதறவில்லை' என்பது பின்னால் சேர்ந்துகொண்ட கதை.

அதனால்தான் இந்த போஸ்டரின் வரலாற்றைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. போரின் அடையாளமாக இன்று நாம் நினைக்கும் ஒரு காகிதம், போர்க்கால மக்களில் பெரும்பாலோர் கண்ணிலேயே படாதது. அதன் புகழ் முழுவதும் 2000-க்குப் பிறகு வந்தது. குறிப்பாக 2008-ல் பொருளாதாரச் சரிவு வந்து, வேலையும் வீடும் போய்க்கொண்டிருந்த நேரத்தில், அந்த ஐந்து வார்த்தைகள் அலுவலகச் சுவர்களிலும் சமையலறைகளிலும் ஏறின. 60 வருடங்களுக்கு முன்னால் அரசாங்கம் சொல்ல நினைத்து விட்டுவிட்டதை, மக்கள் தங்கள் கைக்காசைக் கொடுத்து வாங்கித் தாங்களே மாட்டிக்கொண்டார்கள்.

அரசாங்கம் வெளியிட்டது, 50 ஆண்டுகளும் கடந்துவிட்டன என்பதால் அதற்குக் காப்புரிமை இல்லை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்ற நிலை. கப், தலையணை, சாவிக்கொத்து என்று எல்லாவற்றிலும் வந்தது. 'கேரி ஆன்' இருந்த இடத்தில் 'டீ குடி', 'கிரிக்கெட் ஆடு' என்று மாற்றிப் போட்டு விளையாடினார்கள். 2011-ல் ஒரு நிறுவனம் அந்த வாசகத்தை ஐரோப்பாவில் தன் வணிக முத்திரையாகப் பதிவு செய்துகொள்ள, அதை எதிர்த்துப் போட்ட மனு நிராகரிக்கப்பட்டது. ஒரு தேசத்தின் துயரத்துக்காக எழுதிய வாசகம், கடைசியில் யாருக்குச் சொந்தம் என்ற சண்டையில் வந்து நின்றது.

'கேரி' என்றால் தூக்கு... 'ஆன்' என்றால்?

சரி, சொல்லுக்கு வருவோம். 'கேரி' என்றால் தூக்கிச் செல். 'ஆன்' என்றால் மேலே. சேர்த்தால் 'மேலே தூக்கிச் செல்' என்றுதானே வர வேண்டும்? 'தொடர்ந்து செய்' என்று எப்படி வருகிறது?

இப்படி ஒரு வினைச்சொல்லோடு ஆன், அவுட், அப், ஆஃப் என்று ஒரு குட்டி வார்த்தை சேர்ந்து, மொத்தமாக வேறு பொருள் தருவதை ஆங்கில இலக்கணத்தில் 'ஃப்ரேசல் வெர்ப்' என்கிறார்கள். ஆங்கிலம் கற்கும் பலரும் திணறும் இடம் இது. அகராதியில் இரண்டு சொல்லையும் தனித்தனியாகத் தேடினால் விடை கிடைக்காது.

ஆனால் தமிழர்கள் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. நம்மிடமும் இதே வித்தை இருக்கிறது. 'சொல்' என்ற ஒரு வினையை எடுத்துக்கொள்ளுங்கள்.

* சொல்லிக்கொடு என்றால் கற்பி.
* சொல்லிக்காட்டு என்றால் செய்த உதவியையோ செய்த தவற்றையோ குத்திப் பேசு.
* சொல்லிவை என்றால் முன்கூட்டியே தெரியப்படுத்து.
* சொல்லிக்கொண்டு போ என்றால் விடைபெற்றுப் போ.

தமிழ் கற்கும் ஒரு வெள்ளைக்காரர் 'சொல்', 'காட்டு' இரண்டையும் அகராதியில் பார்த்துவிட்டு, 'இதில் குத்தல் எங்கே இருக்கிறது?' என்று கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்? 'அது அப்படித்தான்' என்போம். 'பார்' என்றால் லுக், 'பார்த்துக்கொள்' என்றால் லுக் ஆஃப்டர். பச்சைக் குழந்தையை 'பாரு' என்பதற்கும் 'பார்த்துக்கோ' என்பதற்கும் இடையே எவ்வளவு பொறுப்பு கூடிவிடுகிறது!

'கேரி ஆன்' தமிழுக்கு இன்னும் நெருக்கம். கேரி என்றால் 'கொண்டு போ'. நாமும் 'குடும்பத்தை நடத்திக்கொண்டு போகிறாள்', 'எப்படியோ சமாளித்துக்கொண்டு போகிறோம்' என்கிறோம். சுமையைத் தூக்கிக்கொண்டு நடப்பதும் வாழ்க்கையைத் தொடர்வதும் இரண்டு மொழிக்காரர்களுக்கும் ஒரே படமாகத்தான் மனதில் இருக்கிறது.

எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

*தொடர்ந்து செய்ய:* 'கேரி ஆன் ரீடிங்' என்றால் படிப்பதைத் தொடருங்கள். பின்னால் வரும் வினை 'இங்' சேர்ந்து வர வேண்டும். 'கேரி ஆன் டு ரீட்' என்று சொல்லக் கூடாது. வேலையின் பெயரைச் சொல்வதானால் 'வித்' தேவை. 'கேரி ஆன் வித் யுவர் வொர்க்' என்பது போல.

*உத்தரவாக:* ராணுவத்திலும் கடற்படையிலும் அதிகாரி வந்ததும் வீரர்கள் வேலையை நிறுத்திவிட்டு விறைப்பாக நிற்பார்கள். அவர் 'கேரி ஆன்' என்றதும் மறுபடி வேலைக்குத் திரும்புவார்கள். நம் ஹெட்மாஸ்டரின் 'கேரி ஆன்' இந்த வகை. மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குச் சொல்வது. அதனால் மேலதிகாரியிடமோ பெரியவர்களிடமோ மொட்டையாக 'கேரி ஆன்' என்று சொன்னால் கொஞ்சம் திமிராகத் தெரியும். 'ப்ளீஸ் கேரி ஆன்' என்றால் தப்பில்லை.

*பையாக:* விமானத்தில் நம்மோடு உள்ளே எடுத்துச் செல்லும் பை 'கேரி-ஆன்'. உள்நாட்டு விமானங்களில் 7 கிலோவுக்குள் அடக்கப் பாடுபடுகிறோமே, அதேதான்.

*ரகளையாக:* பிரிட்டனில் 'வாட் எ கேரி-ஆன்' என்றால் 'என்ன ஒரு ஆர்ப்பாட்டம்!' என்று பொருள். சின்ன விஷயத்துக்குப் பெரிய அமளி பண்ணுவதைச் சொல்வார்கள். 'பதறாமல் இரு' என்ற போஸ்டரில் இருக்கும் அதே சொல்லுக்கு, பதறிக் குதிப்பது என்றும் ஒரு பொருள் இருப்பது வேடிக்கை.

*கிசுகிசுவாக:* 'வித்' போட்டு ஒரு ஆளின் பெயரைச் சேர்த்தால் ஜாக்கிரதை. அவரோடு ரகசியத் தொடர்பு என்று பொருள் வந்துவிடும். பழைய தலைமுறை ஆங்கிலேயர்கள் இப்படிச் சொல்வார்கள். பிரிட்டனில் 1958-ல் 'கேரி ஆன் சார்ஜன்ட்' என்ற படத்தில் தொடங்கி 'கேரி ஆன்' வரிசையில் ஏறக்குறைய 30 நகைச்சுவைப் படங்கள் வந்தன. உத்தரவு, ரகளை, கிசுகிசு என்று எல்லா அர்த்தத்தையும் வைத்து விளையாடிய படங்கள் அவை.

உச்சரிக்கும்போது அழுத்தம் 'கேரி'யில் வராது, 'ஆன்' மேல் விழும். குட்டி வார்த்தைதானே என்று விழுங்கிவிடக் கூடாது. அதை மாற்றினால் பொருளே மாறிவிடும். 'கேரி அவுட்' என்றால் சொன்னதைச் செய்து முடி. 'கேரி ஓவர்' என்றால் மிச்சத்தை அடுத்த பக்கத்துக்கோ அடுத்த மாதத்துக்கோ கொண்டு செல். 'கேரிட் அவே' என்றால் உணர்ச்சிவசப்பட்டு நிதானம் இழப்பது.

யார் சொல்கிறார்கள் என்பதில் இருக்கிறது

நம் ஊரில் 'கேரி ஆன்' என்பதன் முழு கனமும் தெரிவது சாவு வீட்டில்தான். எல்லோரும் உடைந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். அடுத்து என்ன செய்வதென்று யாருக்கும் தோன்றாது. அப்போது வீட்டுப் பெரியம்மாவோ, பக்கத்து வீட்டு மாமாவோ எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'சரி, ஆக வேண்டியதைப் பாருங்கப்பா' என்பார்கள். அதற்குப் பிறகுதான் ஒருவர் போனை எடுப்பார், ஒருவர் பந்தலுக்குச் சொல்வார், ஒருவர் குழந்தைகளுக்கு டீயும் பன்னும் வாங்கப் போவார்.

அதே வார்த்தையை வாசலில் நிற்கும் ஒரு அதிகாரி சொன்னால் என்ன ஆகும்? யாருக்கும் பிடிக்காது. வீட்டு ஆள் சொல்லும்போது, 'நானும் உன்னோடு சேர்ந்து தூக்குகிறேன்' என்ற அர்த்தம் தானாகவே வந்துவிடுகிறது.

1939-ன் முதல் போஸ்டர் தோற்றதும் இதனால்தான். மூன்றாவது போஸ்டர் அன்று ஒட்டப்பட்டிருந்தால் அதையும் மக்கள் திட்டியிருக்கக்கூடும். வீடு இடிந்து, பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் சுவரிலிருந்து ஒரு கிரீடம் 'பதறாதே' என்று சொன்னால் கோபம்தானே வரும்? அது கூழாகப் போனது ஒருவகையில் அந்த வாசகத்துக்கு நல்லதாகிவிட்டது. புத்தகக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில், உத்தரவு போட யாரும் இல்லாத இடத்தில், அது வீட்டு ஆள் குரலில் பேசத் தொடங்கியது.

போனால் பார்க்க வேண்டியவை

பிரிட்டன் போகும் வாய்ப்பு கிடைத்தால், எடின்பரோ பயணத்தோடு ஆனிக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். எடின்பரோவிலிருந்து ஆலன்மவுத்துக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம்தான். கோட்டைக்கு ஒரு பகல். பக்கத்திலேயே பெரிய தோட்டம் இருக்கிறது. அதற்குள் பூட்டிய இரும்புக் கதவுக்குப் பின்னால் விஷச் செடிகளுக்கென்றே தனித் தோட்டம் உண்டு. வழிகாட்டியோடுதான் விடுவார்கள். எதையும் தொடவோ முகரவோ கூடாது. அங்கே போனால், நம் ஊர் வேலிகளில் சாதாரணமாக நிற்கும் ஆமணக்குக்கு வெளிநாட்டில் இருக்கும் மரியாதை தெரியும்.

கோடையிலும் மாலையில் குளிர்காற்று வீசும், ஸ்வெட்டர் அவசியம். கோட்டையும் தோட்டமும் குளிர்காலத்தில் மூடியிருக்கும் நாட்கள் உண்டு. தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுவது நல்லது.

ஸ்டேஷனுக்கு மாலையில் போகலாம். கையில் படித்து முடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றிரண்டு இருந்தால் கொண்டுபோங்கள். எடுத்துக்கொள்வார்களா, எவ்வளவு மதிப்புப் போடுவார்கள் என்பது அவர்கள் கையில். தூண்களுக்கு மேலே கவிதை வரிகள், சுவரில் எழுத்தாளர்களின் பெரிய ஓவியம், தலைக்கு மேலே பொம்மை ரயில். பழைய வெயிட்டிங் ரூமில் கணப்புக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் உட்கார்ந்துவிடுங்கள். எழுந்துபோகச் சொல்ல யாரும் வர மாட்டார்கள்.

1940-ல் காகிதப் பஞ்சத்துக்காகக் கூழாக்கப்பட்ட 24.5 லட்சம் போஸ்டர்களில் தப்பியவை மிகக் குறைவு. 2012-ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் பழம்பொருள் நிகழ்ச்சி ஒன்றுக்கு ஒரு பெண், தன் அப்பா வைத்திருந்த சுமார் 15 போஸ்டர்களைக் கொண்டுவந்தபோது, அது பெரிய செய்தியானது. அதற்கு 12 வருடங்களுக்கு முன்னால் இந்தக் கடைக்கு வந்த போஸ்டரை, யாரோ எப்போதோ பத்திரமாக மடித்து, பழைய புத்தகங்களின் அடியில் வைத்திருக்கிறார்கள். அது யார் என்று தெரியாது. ஆனால் ரயில் நின்றுபோன ஒரு ஸ்டேஷனில், படித்து முடித்த புத்தகங்களின் நடுவே அது வெளியே வந்ததுதான் பொருத்தம்.

நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் 'கேரி ஆன்' என்று சொன்னால், உங்கள் வீட்டுப் பிள்ளைகள் உட்காரும் முன் ஒரு விநாடி இந்தக் கதையை நினைத்துக்கொள்ளட்டும். பிறகு அவர்கள் பாடத்தைத் தொடரலாம்.